தாத்தாவின் நிலம், ஊரின் சாமி: இரண்டுக்கும் சேர்த்தே கேளுங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் சோளகர் பழங்குடியினர். சத்தியமங்கலம் மலையில் கர்நாடக எல்லைப் பக்கம் எங்கள் தொட்டி, எங்கள் குடியிருப்பை அப்படித்தான் சொல்வோம். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். தாத்தா காலத்தில் இருந்து மூன்று ஏக்கர் போல ராகியும் அவரையும் போட்டு வருகிறோம், பட்டா இல்லை. சில வருடம் முன்பு அப்பா வன உரிமைச் சட்டத்தில் மனு கொடுத்தார். ஆவணம் இல்லை, இது புலிகள் காப்பகம், வீரப்பனைத் தேடிய அதிரடிப்படை காலத்தில் நிலம் தரிசாகத்தானே கிடந்தது, அதனால் கிடைக்காது என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் சாமி இடமும் முன்னோரைப் புதைத்த இடமும் காட்டுக்கு உள்ளே இருக்கின்றன. பூசைக்குப் போக ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இப்போது கீழ்நாட்டுக்காரர் ஒருவர், நிலத்தைப் பத்து வருடக் குத்தகைக்குக் கொடுத்தால் அப்பாவின் கடனை அடைக்கிறேன் என்கிறார். மாமா கையெழுத்துப் போடச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்:

தம்பி, முதலில் அந்தக் குத்தகைக் காகிதம். கையெழுத்துப் போட வேண்டாம், அப்பாவையும் போட விடாதீர்கள். மாமா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், கடன் நெருக்கும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தக் காகிதத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். வன உரிமைச் சட்டம் நிலத்தில் உரிமை தருவது, அங்கே குடியிருக்கவோ பிழைப்புக்காக நீங்களே உழுது பயிரிடவோதான். அந்த உரிமை வாரிசுக்குப் போகும், ஆனால் விற்கவோ இன்னொருவருக்கு மாற்றவோ முடியாது என்று பிரிவு 4(4) சொல்கிறது. உங்களுக்கு உரிமையே இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை. இந்த நேரத்தில், பத்து வருடத்துக்கு நிலத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டேன் என்று அப்பாவே கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று வெளியே இருந்தால், இவர்கள் பயிர் செய்யவில்லை என்பதற்கு நாளை மனுவைச் சரிபார்க்கும் குழுவின் முன்னால் அதுவே உங்களுக்கு எதிரான முதல் சாட்சி. அந்தக் கீழ்நாட்டுக்காரருக்கும் அதனால் சட்டப்படி எந்தப் பிடிமானமும் இல்லை, வனத்துறை ஆக்கிரமிப்பு வழக்குப் போட்டால் அவர் காரை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவார், வழக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்கும்.

வேறு சில மாநிலங்களில் இந்த இடத்தில் இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது. ஜார்க்கண்டில் 1908-ம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம், ஆந்திர மலைப்பகுதியில் 1959-ல் வந்து 1970-ல் இறுக்கப்பட்ட நிலமாற்ற ஒழுங்குமுறை, இவையெல்லாம் பழங்குடியினர் நிலம் வெளியாள் கைக்குப் போவதைத் தடுக்க என்றே எழுதப்பட்டவை. தமிழ்நாட்டில் அப்படி ஒரு முழுமையான தனிச்சட்டம் கிடையாது. பழங்குடிப் பகுதிகளுக்கான அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையின் கீழ் இங்கே ஒரு பகுதிகூட அறிவிக்கப்படாததால், அந்தப் பகுதிகளில் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் பெசா சட்டமும் நமக்குப் பொருந்துவதில்லை. ஏற்காட்டிலும் ஏலகிரியிலும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் நிலம் எஸ்டேட்டாகவும் விடுதியாகவும் கைமாறிப்போனதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. அதனால்தான் மலையில் இருந்து யார் குத்தகை என்று கேட்டு எழுதினாலும் இவ்வளவு கறாராகப் பதில் சொல்கிறேன்.

கடனுக்கு வேறு வழி பார்க்கலாம். எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி என்று அப்பாவோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். கந்துவட்டி என்றால் அதைத் தடைசெய்யும் 2003-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உங்கள் பகுதிக்கான லேம்ப் சங்கத்தில், அதாவது பழங்குடியினருக்கான பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில், அப்பா உறுப்பினரா, அங்கே கடன் கிடைக்குமா என்றும் கேளுங்கள். பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு, 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி சொல்வார்கள். அந்த ஆள் மிரட்டினாலோ, நிலத்தில் ஆட்களை இறக்கினாலோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தத்தில் வன உரிமை என்ற சொல்லையே சேர்த்திருக்கிறார்கள், அந்த உரிமையை அனுபவிக்க விடாமல் தடுப்பதே குற்றம். புகார் கொடுக்கும்போது பிரிவு 3(1)(ஜி) என்று எழுதிக் கொடுங்கள்.

சரி, இனி மனு விஷயம்.

வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, சட்டத்தின் கண்ணில் அது ஒரு முடிவே இல்லை. அப்பாவின் மனு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2012-ல் திருத்திய விதிகள்படி, மனு நிராகரிக்கப்பட்டாலோ நிலத்தின் அளவு குறைக்கப்பட்டாலோ காரணத்தோடு மனுதாரருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளில் இருந்து மேல்முறையீடு செய்ய 60 நாள், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். சப்-கலெக்டரோ ஆர்.டி.ஓ.வோ தலைமை வகிக்கும் கோட்டக் குழுவுக்கு மனுவில் குறை தெரிந்தால், தானே தள்ளுபடி செய்யாமல் கிராம சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு ஊழியர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு கிடைக்காது என்று சொல்வதற்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அதனால் அடுத்த வேலையாக, தகவல் உரிமைச் சட்டத்தில் கோட்டக் குழு அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள்: அப்பாவின் மனு எந்தத் தேதியில் வந்தது, எந்தக் கூட்டத்தில் வைக்கப்பட்டது, அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நகல் வேண்டும். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்திலேயே வைக்கவில்லை என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். நம் மாநிலத்தில் இந்தச் சட்டமே தாமதமாகத்தான் உயிர்பெற்றது, 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவைக் காட்டிப் பல வருடம் உரிமைப் பட்டயம் கொடுக்காமலே வைத்திருந்தார்கள், 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகுதான் கோப்புகள் நகர ஆரம்பித்தன.

அப்புறம் அவர்கள் சொன்ன மூன்று காரணங்கள். புலிகள் காப்பகம் என்பதில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மலைக் கிராமங்களில் மனுவைக் கீழே வைக்கச் செய்வதில் இதற்குத்தான் முதலிடம். வன உரிமைச் சட்டத்தில் வன நிலம் என்பதற்கான விளக்கத்திலேயே காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எல்லாம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இந்தச் சட்டத்தில் கணக்கெடுக்கும் தேதி 2005 டிசம்பர் 13. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் ஆனது 2013-ல். தாத்தா காலத்து நிலத்துக்குப் பிறகு வந்த காப்பகம் அது. வனவிலங்குச் சட்டத்தின் புலிகள் காப்பகப் பகுதியே, பழங்குடியினரின் உரிமைகளைப் பாதிக்காமல்தான் உள்வட்டத்தை, அதாவது காப்பகத்தின் மையப் பகுதியை, அறிவிக்க வேண்டும், மனமொத்த சம்மதம் இல்லாமல் யாரையும் இடம் மாற்றக்கூடாது என்கிறது. 2017-ல் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் உள்வட்டத்தில் வன உரிமை கொடுக்க வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியது உண்மை. அடுத்த வருடமே அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதை மட்டும் படித்து, திரும்பப் பெற்றதைப் படிக்காத அலுவலர்கள் இன்னும் இருக்கிறார்கள். வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(5)-ஐயும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: மனு சரிபார்ப்பு முழுவதும் முடியும்வரை உங்களை அந்த நிலத்தில் இருந்து வெளியேற்றக்கூடாது.

அடுத்தது அதிரடிப்படை காலம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய வரி இதுதான். தொண்ணூறுகளில் சோளகர் தொட்டிகளில் என்ன நடந்தது என்பது ஊர்ப் பேச்சு மட்டும் இல்லை, பதிவான விஷயம். தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு போட்டது, பிறகு 2007-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும் பரிந்துரைத்தது. காட்டுக்குள் போனால் வீரப்பனுக்கு அரிசி கொண்டு போகிறாய் என்று பிடிப்பார்கள், வீட்டில் இருந்தாலும் விசாரணைக்குக் கூட்டிப் போவார்கள் என்ற நிலையில், மேட்டு நிலத்தில் பரண் கட்டி ராத்திரிக் காவல் இருக்க யாரால் முடியும்? அப்படிக் கிடந்த தரிசை இன்று உங்களுக்கு எதிராகக் காட்டுவது அநியாயம். சட்டமும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(எம்), 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர்களுக்கு, இடம்பெயர்க்கப்பட்டவர்களுக்கு, அதே இடத்தில் மறுவாழ்வு, முடியாவிட்டால் மாற்று நிலம் கேட்கும் உரிமையைத் தருகிறது. எந்த வருடம் நிலத்தை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள், எந்த வருடம் திரும்ப உழுதீர்கள் என்பதைத் தனிப் பத்தியாக மனுவில் எழுத வேண்டும். குடும்பத்தில் யாரையாவது விசாரணைக்குக் கொண்டு போயிருந்தால், இழப்பீடு வாங்கியிருந்தால், ஆணையத்துக்கு வாக்குமூலம் கொடுத்திருந்தால், அந்தக் காகிதம் எவ்வளவு கிழிந்திருந்தாலும் தேடி எடுங்கள். 2005 டிசம்பரில் நிலம் யார் கையில் இருந்தது என்ற கேள்விக்கு, கைவிட்டதல்ல, விரட்டப்பட்டது என்று பதில் சொல்ல அதுதான் துணை. அப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் பொறுமையாகக் கேளுங்கள். அந்தக் காலத்தைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாதவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது, ஆவணம் இல்லை என்பது. இங்கேதான் உங்கள் சாமி இடமும் நிலமும் ஒன்றாகச் சேர்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காகிதம் இல்லாத மக்களுக்காக எழுதிய சட்டம் இது. விதி 13, எதையெல்லாம் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று நீண்ட பட்டியல் தருகிறது. வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது இருக்கின்றன. கூடவே நிலத்தில் போட்ட வரப்பு, கட்டிய தடுப்பணை, குடிசை, பழைய கிணறு, புதைகாடு, வழிபாட்டு இடம், வம்சாவளி, ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்த வழக்கங்கள், கடைசியாக மனுதாரர் அல்லாத பெரியவர் ஒருவரின் வாக்குமூலம். இவற்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால் போதும். இந்தக் காகிதம்தான் வேண்டும் என்று குழு வற்புறுத்தக்கூடாது என்பதும் விதியிலேயே இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் பயிர் தெரியவில்லை என்று சொல்லி மற்ற சான்றுகளை ஒதுக்கவும் முடியாது.

அப்படியென்றால் உங்கள் முன்னோரைப் புதைத்த இடம், நீங்கள் ஏன் உள்ளே போகிறீர்கள் என்று ஃபாரஸ்ட் கார்டு கேள்வி கேட்கும் அதே இடம், உங்கள் குடும்பம் அந்தக் காட்டில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்பதற்கான சான்று. மாதேஸ்வரனுக்கும் காரய்யாவுக்கும் பூசை வைக்கும் இடங்கள், எந்தக் குலத்துக்கு எந்த எல்லை என்று பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்களே, அதுவும்தான். பண்பாடு ஒரு பக்கம், நில உரிமை இன்னொரு பக்கம் என்று இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள், அதிகாரிகளும் அப்படிப் பிரித்து வைப்பதையே விரும்புவார்கள்: மேடையில் ஆடச் சொன்னால் பழங்குடிப் பண்பாடு, நிலம் கேட்டால் ஆக்கிரமிப்பு. நீங்கள் பிரிக்காதீர்கள். தனிநபர் நிலம், ஊர் சேர்ந்து காட்டைப் பயன்படுத்தும் சமூக உரிமை, ஊரே காத்து நிர்வகிக்கும் காடான சமூக வன வளம் என்று மூன்று தனித்தனிப் படிவங்கள் உண்டு, மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே சபையில் வையுங்கள். அப்பாவின் மூன்று ஏக்கரை மட்டும் கேட்டால் காட்டுக்கு நடுவில் ஒரு துண்டு நிலம் கிடைக்கலாம், ஆனால் தேன் எடுக்கப் போகும் பாதை, மாடு மேயும் இடம், நெல்லியும் கடுக்காயும் சீமாறும் எடுக்கும் இடம், சாமி இடம் எல்லாம் யாரோ மனசு வைத்தால்தான் என்ற நிலையிலேயே இருக்கும்.

பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது, உங்கள் உறவினரே கூட அங்கே இருப்பார்கள். கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன் மலை 2011 ஜனவரியில் புலிகள் காப்பகம் ஆனது. அதே வருடம் அக்டோபரில் அங்குள்ள சோளகர்களின் 25 கிராம சபைகளுக்கு சமூக உரிமை அங்கீகரிக்கப்பட்டது. தேன், நெல்லி, பாசி எடுப்பதும் சாமி இடங்களுக்குப் போவதும் அதில் அடங்கும். புலிகள் காப்பகத்துக்குள்ளேயே. அதற்கு முன்னால் அவர்கள் செய்த வேலை பெரிது. பெரியவர்கள் முன்னால் நடக்க, ஆராய்ச்சியாளர்களும் இளைஞர்களும் ஜி.பி.எஸ். கருவியோடு பின்னால் நடந்து, நூற்றுக்கணக்கான சாமி இடங்களையும் குல எல்லைகளையும் வரைபடமாக்கினார்கள். எல்லை தாண்டினால் வேறு சட்டம் என்று யாராவது சொன்னால், அதே மத்தியச் சட்டம்தான் என்று சொல்லுங்கள். 1956 வரை, இப்போது கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகால் தாலுகாவே கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மாநிலக் கோடு உங்கள் குலங்களுக்கு நடுவில் பிறகு வந்து விழுந்தது.

இதனால் ஒரு பலனும் இருக்கிறது. ஈரோடு மாவட்டம் பிரிந்தது 1979-ல். உங்கள் பகுதியின் பழைய கெசட்டியர், வனத் திட்ட அறிக்கை, காப்புக்காடு அறிவிக்கும்போது நடந்த விசாரணைக் கோப்பு இவற்றையெல்லாம் ஈரோட்டில் மட்டும் தேடினால் கிடைக்காது. கோயம்புத்தூர் மாவட்டம் என்ற பெயரில் தேட வேண்டும், கோவையிலும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும். ஒரு வரியில் தொட்டியின் பெயர் இருந்தாலும் போதும். தாத்தா மீது பழைய வன வழக்கு, அபராத ரசீது ஏதாவது இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அந்த வருடம் அந்த இடத்தில் அவர் உழுதுகொண்டிருந்தார் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த காகிதம் அது.

பெரியவர் வாக்குமூலத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாங்கினால் பாதிதான் வரும். அவரோடு நடங்கள். இந்த மரத்தடியில் யார், இந்தக் கல்லை யார் வைத்தது, அந்தப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் யார் நிலம், பெரிய பஞ்சத்தில் எங்கே கிழங்கு தோண்டினார்கள் என்று இடத்தைப் பார்த்தால்தான் அவருக்கு நினைவு வரும். போனில் இடக்குறிப்போடு படம் எடுங்கள். பிறகு எளிய தமிழில் எழுதி, உங்கள் பேச்சிலேயே அவருக்கு வாசித்துக் காட்டி, கைரேகையோ கையெழுத்தோ வாங்குங்கள். அவரும் நிலம் கேட்டு மனு போட்டிருந்தால், உங்கள் மனுவுக்குப் பக்கத்துத் தொட்டிப் பெரியவர் ஒருவரின் வாக்குமூலத்தைச் சேருங்கள், அப்போது எதிர்ப்பே வராது. பாட்டிகளை விட்டுவிடாதீர்கள். எந்தச் சரிவில் என்ன கீரை, எந்தச் சுனை கோடையிலும் வற்றாது, எந்த வழியாகச் சுள்ளிக்குப் போவார்கள் என்ற விவரம் அவர்களிடம்தான் இருக்கும். பெரும்பாலான சமூக வன வரைபடங்களில் அந்தப் பாதைகள் விடுபட்டுப் போவதற்குக் காரணம், ஆண்களை மட்டும் கேட்டு வரைந்ததுதான்.

இன்னொன்று. சில இடங்களை வெளியாருக்குக் காட்டக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லலாம். கேளுங்கள். அங்கே என்ன சடங்கு, எந்த வார்த்தை சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் மனுவுக்குத் தேவையே இல்லை. எல்லையைக் குறித்து, உள்ளே வழிபாட்டு இடங்கள் இருக்கின்றன என்று சொன்னால் போதும். எதைச் சொல்லலாம் என்பதை உங்கள் சபை முடிவு செய்யட்டும். அந்தப் படங்களை யாரும் இன்ஸ்டாகிராமில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமிக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது ஏளனமாகக் கேட்டால் ஒடிசாவின் நியம்கிரியைச் சொல்லுங்கள். டோங்க்ரியா கோந்த் மக்கள் நியம் ராஜாவாக வணங்கும் மலை அது. வேதாந்தா நிறுவனத்தின் ஆலைக்காக அங்கே பாக்சைட் வெட்டும் திட்டம் வந்தபோது, அந்த வழிபாட்டு உரிமையும் வன உரிமைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும், அதைக் கிராம சபைகள் பேசி முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மழைக்காலத்தில் 12 கிராம சபைகள் கூடின, 12-ம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அங்கே வாதாட வக்கீல் பட்டாளம் இருந்தது உண்மைதான், ஆனால் முடிவு சொன்னது மலை மேல் குடைபிடித்து உட்கார்ந்திருந்த மக்கள்.

அதனால் உங்கள் சபையைச் சரியாகக் கூட்டுவதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. நம் ஊரில் ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராம சபை கூட்டி, பத்து குக்கிராமத்தில் இருந்து நூறு பேர் கையெழுத்து வாங்கி முடித்துவிடுவார்கள், தொட்டியின் குரல் அதில் காணாமல் போகும். வன உரிமைச் சட்டத்தில் கிராமம் என்றால் வருவாய்க் கிராமம் மட்டும் இல்லை, அளக்கப்படாத, அரசிதழில் வராத பழைய குடியிருப்பும் கிராமம்தான். உங்கள் தொட்டிக்குத் தனிச் சபை வேண்டும் என்று ஊராட்சித் தலைவருக்கும் சப்-கலெக்டருக்கும் எழுத்தில் கேளுங்கள். சபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தச் சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும், அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இடத்தைப் பார்க்கப் போகும் தேதியை வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். வந்தால் அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். வராமல் இருந்துவிட்டுப் பின்னால் ஆட்சேபித்தால் ஒரு முறை திரும்பப் பார்க்கச் சொல்லலாம், அதற்கும் வராவிட்டால் சபையின் முடிவுதான் இறுதி. மனு வாங்கும் காலம் முடிந்துவிட்டது என்று சொன்னாலும் கவலை வேண்டாம், காரணத்தை எழுதி அவகாசத்தை நீட்டிக்கும் அதிகாரம் சபைக்கே உண்டு. கடைசியில் பட்டயம் வரும்போது அம்மா பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள், கணவன் மனைவி இருவர் பெயரிலும்தான் கொடுக்க வேண்டும்.

உங்கள் பக்கம் மலையாளிக் குடும்பங்களும் இருப்பார்கள். தர்மபுரியிலும் சேலத்திலும் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் அவர்கள் ஈரோடு மாவட்டத்தில் பட்டியலில் இல்லை, இது பல ஆண்டுக் குமுறல். பட்டியலில் இல்லாவிட்டாலும் 75 வருடம் அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்டினால் அவர்களுக்கும் இந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. உங்கள் பெரியவர் அவர்களுக்கும் அவர்கள் பெரியவர் உங்களுக்கும் சாட்சி சொல்லலாம். மனு நேரத்தில் இரண்டு ஊருக்கும் நடுவில் எல்லைச் சண்டை மூட்டிவிட யாராவது வருவார்கள், அதற்கு இடம் கொடுக்காமல் இரண்டு சபையும் முதலிலேயே சேர்ந்து உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இந்தச் சட்டம் தராததையும் சொல்லிவிடுகிறேன். வேட்டைக்கு உரிமை இல்லை. நிலம் அதிகபட்சம் நான்கு ஹெக்டேர், அதுவும் உண்மையில் உங்கள் அனுபவத்தில் இருக்கும் அளவுக்குத்தான், மூன்று ஏக்கர் என்றால் மூன்று ஏக்கர். சருகுக்கு நெருப்பு வைப்பதை நிறுத்திய பிறகுதான் உண்ணிச்செடி காட்டையே மூடிவிட்டது என்று உங்கள் பெரியவர்கள் சொல்வார்கள், ஆராய்ச்சியாளர்களும் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள், நானும் அதை நம்புகிறேன். ஆனால் அதற்காக இப்போது யாரும் தீ வைத்துவிடாதீர்கள், வழக்கில் மாட்டினால் மொத்த மனுவும் பாழாகும். சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் சபைக்கு உரிமை வந்த பிறகு, அதற்கான திட்டத்தில் எழுதி, பேசிச் செய்ய வேண்டிய வேலை அது.

பூசைக்கு வருவோம். சமூக உரிமை கிடைக்கும்வரை சும்மா இருக்க முடியாதே. இந்த வருடப் பூசைக்கு அனுமதி கேட்டு மனு போடாதீர்கள். வழக்கப்படி இந்தத் தேதியில், இத்தனை பேர், இந்தப் பாதையில் போகிறோம், ஆண்டாண்டாக இப்படித்தான் போகிறோம் என்று சபையின் தீர்மானமாகத் தெரிவியுங்கள், நகலைக் கலெக்டருக்கும் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலருக்கும் அனுப்புங்கள். பிளாஸ்டிக் கொண்டு போக மாட்டோம், ஒலிபெருக்கி இல்லை என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள், அது உங்கள் வழக்கம்தானே. தடுத்தால் யார் தடுத்தது, எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று அன்றே எழுதி ஐந்து பேர் கையெழுத்துப் போடுங்கள், வாக்குவாதம் வேண்டாம். அந்தத் தாள் பின்னால் மாநிலக் கண்காணிப்புக் குழுவுக்கு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 8-ன் கீழ் அறிவிப்பு அனுப்பவும், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றம் போகவும் உதவும். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாமி இடம் என்றால் அங்குள்ள சோளகர் சபையோடு பேசி, அவர்கள் வழியாகச் சாமராஜநகர் மாவட்டக் குழுவில் கேளுங்கள்.

திருப்பூரில் இருந்துகொண்டு இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று மலைக்காதீர்கள். தகவல் உரிமை மனுவை இந்த வாரமே அங்கிருந்தே தபாலில் போடலாம். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது பெரியவரோடு ஒரு நாள் நடந்துவிட்டு வாருங்கள், அவருடைய வயதை நினைத்தால் மற்ற எதையும் விட அதுதான் அவசரம். ஊரில் படித்த பெண் பிள்ளைகள் யாராவது இருந்தால் சபைக் குறிப்பு எழுதும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். தகவல் உரிமைப் பதில் வந்ததும் அதன் நகலையும் அப்பாவின் பழைய மனு நகலையும் எனக்கு அனுப்புங்கள், மேல்முறையீட்டு மனுவைச் சேர்ந்து எழுதுவோம். நான் இதை எழுதுவதற்குள் அப்பா ஏற்கெனவே குத்தகைக் காகிதத்தில் ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அவரைத் திட்டாதீர்கள். தேதி போடாத முத்திரைத்தாளா, பணம் கைக்கு வந்ததா என்று மட்டும் கேட்டு, உடனே என்னைக் கூப்பிடுங்கள்.